தொழில் அறிவோம்: முதல் பிளாஷ் வாங்கும்போது

கமரா ஒன்றை எப்படியோ வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் சகோதரிகளுக்காக இம்முறை எழுதுகிறோம். புதுக்குடியிருப்பிலும் அயல் கிராமங்களிலும் இந்தத் தொழிலுக்கு இடமிருக்கிறது. கடவுச்சீட்டுப் படமும் அடையாள அட்டைப் படமும் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோக்களில்தான் எடுக்கவேண்டும் என்பதால் அது நமக்குரியதல்ல. நமக்கு உரியவை வீட்டு விசேஷங்கள். சாமத்திய வீடு, பிறந்தநாள், குடிபூரல், முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, சின்ன அளவில் நடக்கும் கலியாணம் ஆகியவைதான். அதிலும் சாமத்திய வீட்டில் பிள்ளையைத் தோயவார்த்து உடுத்தும் நேரத்தில், வெளி ஆண் ஒருவர் கமராவோடு அறை வாசலில் நிற்பதை விரும்பாத தாய்மார் பலர். ஒரு பெண் வந்து எடுத்தால் பிள்ளையும் கூச்சமில்லாமல் நிற்கும். இந்த ஒரு காரணமே உங்களைத் தேடி வரச்செய்யும்.

ஆனால் இந்த வேலைகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் பந்தலுக்குள்ளும் நடப்பவை. பாதி இரவில் நடப்பவை. வெயிலில் அழகாகப் படம் எடுக்கும் ஆரம்பநிலைக் கமரா அங்கேதான் நம்மைக் கைவிடுகிறது. கமராவின் தலையில் இருந்து எழும்புகிற சிறிய பிளாஷைப் பாவித்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும், நெற்றியும் மூக்கும் மினுங்கும், கண்மணி சிவக்கும், பின்சுவரில் கரிய நிழல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் வரிசையில் நிற்கும் அம்மம்மா இருளுக்குள் போய்விடுவார். பிளாஷைப் பாவிக்காமல் எடுத்தால் அறுகரிசி போடும் கை புகைபோலக் கலங்கி நிற்கும்.

படம் என்பது எமது மக்களுக்கு வெறும் அலங்காரப் பொருள் அல்ல என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பை விட்டு இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடியபோது அல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்? 2012 செப்ரெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியே வந்தவர்களில் புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்றுப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில் பழைய படங்கள் இருக்கவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர்போராட்டத்தில் உட்கார்ந்தபோது, அந்தத் தாய்மாரின் கைகளில் இருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பலவும் அடையாள அட்டையில் இருந்தோ, யாரோ ஒருவரின் கலியாணப் படத்தின் ஓரத்தில் இருந்தோ எடுத்துப் பெருப்பித்தவை. ஆகவே இன்றைக்கு ஒரு பிறந்தநாள் வீட்டில் நீங்கள் எடுக்கும் படத்தில், மூன்றாம் வரிசையில் நிற்பவரின் முகமும் தெளிவாக விழவேண்டும். அந்த அக்கறையோடுதான் பிளாஷ் விடயத்தைப் பார்க்கிறோம்.

முதலில் பிளாஷ் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அதற்குள் செனன் என்ற வாயு நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. பற்றரியின் சிறிய மின்னழுத்தத்தை முந்நூறு வோல்ற் அளவுக்கு உயர்த்தி ஒரு மின்தேக்கியில் சேர்த்து வைத்து, நாம் பொத்தானை அழுத்தும்போது ஒரேயடியாக அந்தக் குழாய்க்குள் விடுகிறது. முழுச் சக்தியில் அந்த ஒளி ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு செக்கன் நிற்கும். சக்தியைக் குறைத்தால் ஆயிரத்தில், பத்தாயிரத்தில் ஒரு செக்கன்தான். அதனால்தான் அசையும் கை அசையாததுபோல் பதிகிறது. இந்த மின்னணுப் பிளாஷை 1930களில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் வளர்த்தெடுத்தார். அது எல்லோர் கைக்கும் வர நெடுங்காலம் பிடித்தது. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவல்லா (1913 - 2012) டில்லியில் சேலை கட்டிக்கொண்டு, கனமான கருவிகளோடு சைக்கிளில் போய்ப் படமெடுத்த காலத்தில் அவரிடம் இருந்தது பிளாஷ் குமிழ். ஒரு படத்துக்கு ஒரு குமிழ். எரிந்தால் எறியவேண்டியதுதான். தொடக்கத்தில் அவருடைய படங்கள் கணவரின் பெயரில்தான் அச்சாகின. நம் கையில் இருக்கும் நான்கு சிறிய பற்றரிகள் இருநூறு தடவைக்கு மேல் மின்னுகின்றன என்பதை நினைத்தால், வசதியில் நாம் அவரை விட எவ்வளவோ மேல்.

கடையில் பிளாஷ் கேட்டால் முதலில் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதை வழிகாட்டி எண் என்று சொல்லலாம். ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கான கணக்கு அது. அந்த எண்ணை லென்ஸ் துவார எண்ணால் பிரித்தால் வருவது மீற்றரில் தூரம். ஆரம்பநிலைக் கமராக்கள் பலவற்றோடு வரும் சிறிய பிளாஷின் வழிகாட்டி எண் 7 முதல் 9 வரைதான். 8 என்று வைத்துக்கொண்டு, துவாரம் 5.6இல் கணக்குப் போட்டால் ஒன்றரை மீற்றர்கூட வராது. ஐ.எஸ்.ஓ.வை 100இலிருந்து 400க்கு உயர்த்தினால் தூரம் இரண்டு மடங்காகும், அதாவது மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மூன்றாம் வரிசை அம்மம்மா ஏன் இருளில் நிற்கிறார் என்பது இப்போது விளங்கும். தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாவதில்லை, காற்பங்காகிவிடுகிறது.

அப்படியானால் பெரிய எண் உள்ள பிளாஷை வாங்கினால் சரிதானே என்று கேட்பீர்கள். அந்த எண்ணில் ஒரு வியாபாரச் சூழ்ச்சி இருக்கிறது. 58, 60 என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் பிளாஷின் ஒளியைக் குறுக்கி நெடுந்தூரத்துக்குப் பாய்ச்சும்போது அளந்தவை. நாம் வீட்டுக்குள் எடுக்கும் அகலக் கோணத்தில் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். பாதியானாலும் நமக்குப் போதும். வற்றாப்பளை அம்மன் பொங்கலில் இருபது மீற்றருக்கு அப்பால் வரும் தூக்குக்காவடியை எந்தச் சிறிய பிளாஷாலும் ஒளிரச்செய்ய முடியாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

எண்ணை விட முக்கியமானது பிளாஷின் கழுத்து. தலை மேல்நோக்கி நிமிரவேண்டும், இடமும் வலமும் திரும்பவேண்டும். மலிவான சில பிளாஷ்களில் தலை முன்னாலேயே பார்த்துக்கொண்டு நிற்கும். வேறு சில மேலே மட்டும் நிமிரும், பக்கத்துக்குத் திரும்பாது. கமராவை நிமிர்த்திப் பிடித்து முழு உருவப் படம் எடுக்கும்போது பக்கத்துக்குத் திரும்பாத தலையால் பயனில்லை. அப்படிப்பட்டவற்றை யாராவது இலவசமாகத் தந்தாலொழிய வாங்காதீர்கள்.

ஏன் திரும்பவேண்டும்? முகத்துக்கு நேரே அடிக்கும் சிறிய ஒளி கொடூரமானது. அதே ஒளியை வெள்ளைச் சீலிங்கிலோ வெள்ளைச் சுவரிலோ அடித்தால், அந்தச் சீலிங் முழுவதுமே ஒரு பெரிய விளக்காகிவிடும். யன்னலோரத்தில் இருக்கும்போது முகத்தில் விழும் ஒளி எப்படி மென்மையாக இருக்குமோ அப்படி இருக்கும். மினுக்கம் இல்லை, செங்கண் இல்லை, பின்சுவரில் நிழல் இல்லை. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒளி ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும். ஒரு பிளாஷுக்குக் கொடுக்கும் காசு முழுவதும் இந்த ஒரு வித்தைக்காகத்தான் என்று சொன்னாலும் பிழையில்லை.

இதிலே எங்கள் வீடுகள் ஒரு சிக்கல். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவில் கட்டிய வீடுகளில் சீலிங் எங்கே இருக்கிறது? நிமிர்ந்து பார்த்தால் ஓடு அல்லது அஸ்பெஸ்ரஸ் சீற். ஓட்டில் அடித்த ஒளி செம்மஞ்சளாகத் திரும்பி வந்து முகங்களை மஞ்சட்காமாலை வந்ததுபோல் காட்டும். நீலத் தறப்பாள் பந்தலில் அடித்தால் எல்லோரும் நீலம். பூசாத சீமெந்துச் சுவர் பாதி ஒளியை விழுங்கிவிடும். ஆனால் சடங்கு வீட்டில் மேலே வெள்ளைத் துணி கட்டும் வழக்கம் எமக்கு உண்டல்லவா? அந்த மேற்கட்டியை விடச் சிறந்த சீலிங் கிடையாது. பிளாஷை அதன்மேல் அடியுங்கள். அதுவும் இல்லாத வீட்டில், அலங்காரத்துக்கு எழுத்து வெட்டுகிறார்களே, அந்த வெள்ளை றெஜிபோம் பலகை ஒன்றை உங்களுக்குப் பக்கவாட்டில் ஒரு பிள்ளையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அல்லது கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு, பிளாஷின் தலையை அதன் பக்கம் திருப்புங்கள். தோய்த்து உலர்ந்த வேட்டியாக இருந்தால் நல்லது. நீலம் அதிகம் போட்டிருந்தால் முகத்திலும் தெரியும்.

சுவரிலோ துணியிலோ பட்டுத் திரும்பும்போது ஒளியில் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடும். காற்பங்குதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அதற்காகத்தான் கொஞ்சம் சக்தியுள்ள பிளாஷ் தேவைப்படுகிறது. அகலக் கோணத்தில் 28 அளவு வழிகாட்டி எண் உள்ள பிளாஷ், துவாரம் 5.6, ஐ.எஸ்.ஓ. 800 என்றால், போய்த் திரும்பும் பாதை நான்கு மீற்றராக இருந்தாலும் பாதிச் சக்திக்கும் குறைவிலேயே வேலை முடியும். இன்றைய கமராக்களில் ஐ.எஸ்.ஓ. 800 ஒன்றும் பயப்படவேண்டிய அளவல்ல.

இனிக் கடைக்குப் போகமுன் வீட்டிலே செய்யவேண்டிய ஒரு சோதனை. உங்கள் கமராவின் தலையில் பிளாஷ் செருகும் தண்டவாளம் போன்ற இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வட்டமான உலோகப் புள்ளி இருக்கிறதா? மலிவான பிளாஷ்கள் எல்லாம் அந்த நடுப்புள்ளி ஒன்றின் மூலம்தான் கமராவின் கட்டளையைப் பெறுகின்றன. கனன் நிறுவனம் அண்மைக்காலத்தில் தனது ஆரம்பநிலைக் கமராக்கள் சிலவற்றில் அந்தப் புள்ளியையே எடுத்துவிட்டது. 3000டி, 200டி மார்க் 2 ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றில் மலிவான பிளாஷைச் செருகினால் எத்தனை தரம் அழுத்தினாலும் மின்னாது. கடைக்காரர் பிளாஷ் நல்லது என்பார், பிளாஷும் நல்லதுதான். காசுதான் வீண். அந்தக் கமராவை வைத்திருப்பவர்கள் கனனுக்கென்றே செய்த, பல புள்ளிகள் உள்ள பிளாஷைத்தான் தேடவேண்டும். நிக்கொன் கமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சோனி கமரா வைத்திருப்பவர்கள் தமது கமராவுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்கவேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுப்பவர்களுக்கு இந்தப் பிளாஷ்கள் எதுவும் உதவாது.

அடுத்து, தானாக அளந்து மின்னும் பிளாஷா, நாமே சக்தியைத் திருப்பி வைக்கும் பிளாஷா என்ற கேள்வி. முதல் வகையை ரி.ரி.எல். என்பார்கள். கமரா முதலில் ஒரு சின்ன மின்னலை விட்டு, திரும்பி வரும் ஒளியை அளந்து, தேவையான அளவை அதுவே முடிவு செய்யும். கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே எடுப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெள்ளை வேட்டியையும் சரிகைச் சேலையையும் கண்டால் ஒளி அதிகம் என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும் குணமும் அதற்கு உண்டு. எங்கள் எண்ணம், முதல் பிளாஷ் கையால் சக்தியை மாற்றும் வகையாக இருக்கட்டும் என்பதே. வீட்டு விசேஷத்தில் மணவறையும் கேக் மேசையும் நடந்து திரிவதில்லை. ஒருதரம் சரியாக வைத்தால் அந்த இடத்தில் எடுக்கும் நூறு படமும் ஒரே ஒளியில் வரும். பிற்பாடு திருத்தும் வேலையும் குறையும்.

வைக்கும் முறையும் கடினமானதல்ல. கமராவை எம் என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். வேகம் நூற்றிருபத்தைந்தில் ஒன்று, துவாரம் 5.6, ஐ.எஸ்.ஓ. 800, பிளாஷ் கால் சக்தி, தலை மேற்கட்டியை நோக்கி. மணவறையில் ஒரு சின்னப் பிள்ளையை இருத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இருட்டாக இருந்தால் பாதிச் சக்திக்கு ஏற்றுங்கள், வெளுத்தால் எட்டிலொன்றுக்கு இறக்குங்கள். ஆட்கள் வர முன்னரே இதைச் செய்து முடிக்கவேண்டும். குத்துவிளக்கின் சுடரும் பின்னாலுள்ள சோடனை விளக்குகளும் மங்கலாகத் தெரிந்தால் வேகத்தை அறுபதில் ஒன்றுக்குக் குறையுங்கள், அவை துலங்கும். இருநூறில் ஒன்றுக்கு மேலே மட்டும் வேகத்தை ஏற்றாதீர்கள். படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை விழும்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். கனனும் நிக்கொனும் தாங்களே செய்யும் பிளாஷ்கள் தரமானவை, ஆனால் தொடக்கத்தில் நமக்கு எட்டாத விலை. சீனாவில் செய்யும் கொடொக்ஸ், யொங்னுவோ என்ற இரண்டும்தான் உலகெங்கும் கைக்காசு குறைந்த படப்பிடிப்பாளர்களின் துணை. கொடொக்ஸ் ரிரி 600, யொங்னுவோ வைஎன் 560இன் நான்காம் பதிப்பு ஆகிய இரண்டும் கையால் சக்தி மாற்றும் வகை. இரண்டிலும் தலை எல்லாப் பக்கமும் திரும்பும், சக்தியும் போதியது. அத்துடன் கம்பியில்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் வானொலிக் கருவி உள்ளேயே இருக்கிறது. இன்றைக்கு அது தேவைப்படாது. ஆனால் நாளைக்கு ஒரு சிறிய அனுப்பியை வாங்கிக் கமராவில் செருகினால், பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்து எடுக்கலாம். இவற்றை விட மலிவாகக் கொடொக்ஸ் ரிரி 520 வருகிறது. வழிகாட்டி எண் 33, தலை திரும்பும். பிறந்தநாள் வீட்டு அளவுக்கு அதுவும் போதும். அதைவிட மலிவாகப் பெயர் தெரியாத பெட்டிகளில் வருபவை பற்றி எமக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ரிரி 600 வெளிநாட்டில் 60 முதல் 70 அமெரிக்க டொலர் வரை விற்கிறது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலே 18,000 முதல் 21,000 ரூபா. வரியும் கொண்டுவரும் செலவும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேலே. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாக இருந்தது, அந்த ஆண்டு மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதன்பின் வெளிநாட்டுப் பொருட்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மூன்று கடைகளிலாவது தொலைபேசியில் கேட்டு, உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் யார் திருத்துவது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து கொழும்புக்குப் பழுதுபார்க்கப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாட் கூலியும் அந்த விலையில் அடங்கியதுதான்.

பற்றரியின் செலவையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும். இந்தப் பிளாஷ்களுக்கு நான்கு பென்ரோச் பற்றரிகள் வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண மலிவுப் பற்றரியைப் போட்டால் ஒரு தரம் மின்னி அடுத்ததற்குத் தயாராகப் பத்துச் செக்கன், பதினைந்து செக்கன் எடுக்கும். மாலை மாற்றும் நேரத்தில் பிளாஷ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். மீளச் சார்ச் செய்யும் நிக்கல் வகை வாங்குங்கள். பனசொனிக்கின் எனலூப் போன்றவை சார்ச்சைப் பல மாதம் பிடித்து வைத்திருக்கும். எட்டுப் பற்றரியும் ஒரு சார்ச்சரும் வாங்கினால் பிளாஷின் விலையில் பாதியளவுக்குக்கூட வரலாம். முதலில் திடுக்கிட வைக்கும் செலவுதான். ஆனால் பல நூறு தடவை சார்ச் செய்து பாவிக்கலாம் என்பதால் சில மாதங்களில் கொடுத்த காசு திரும்பிவிடும். நான்கையும் ஒரு கூட்டமாக வைத்திருங்கள், இந்த நான்கு, அந்த நான்கு என்று பேனையால் அடையாளமிட்டு. ஒன்று மட்டும் நலிந்தாலும் மற்ற மூன்றையும் அது இழுத்து விழுத்தும். மின்வெட்டு எந்த நேரத்தில் வருமென்று சொல்லமுடியாது. ஆகையால் விசேஷத்துக்கு முதல்நாட் காலையிலேயே சார்ச் செய்துவிடுங்கள்.

வீட்டில் பழைய பிலிம் கமராக் காலத்துப் பிளாஷ் ஒன்று இருக்கிறது, அதைப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவசரப்படவேண்டாம். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் கமராவைத் தொடும் நடுப்புள்ளியில் உயர்ந்த மின்னழுத்தம் இருக்கும். விவிற்றர் 283இன் பழைய ஆக்கங்களில் 200 வோல்ற்றுக்கு மேலும் அளந்திருக்கிறார்கள். பிலிம் கமரா அதைத் தாங்கும். டிஜிற்றல் கமராவின் நுண்ணிய மின்சுற்றுச் சில தாங்காது, அப்படியே செத்துவிடும். ஊரில் ரேடியோ திருத்துபவரிடம் கொண்டுபோய், பிளாஷ் முழுதாகச் சார்ச் ஆனபின் நடுப்புள்ளிக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் இடையில் மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆறு வோல்ற்றுக்குக் கீழே என்றால் எந்தக் கமராவுக்கும் பயமில்லை. கூடுதலென்றால் கமராவின் கையேட்டில் அனுமதித்த அளவைப் பார்க்காமல் செருகக்கூடாது. பழையதோ புதியதோ, பிளாஷைத் திருகாணி கழற்றித் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். உள்ளே மின்தேக்கியில் நிற்கும் முந்நூறு வோல்ற், பற்றரியைக் கழற்றிய பின்னும் கையைத் தூக்கி எறியும்.

இரண்டாம் கையாக வாங்குவது நல்ல வழிதான், ஆனால் உங்கள் கமராவைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். முழுச் சக்தியில் வைத்துப் பத்துத் தரம் ஆறுதலாக மின்னச் செய்யுங்கள். புதிய பற்றரியோடு ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று, நான்கு செக்கனுக்கு மேல் எடுத்தால் அது களைத்த பிளாஷ். ஒளி வரும் கண்ணாடி கருகியிருக்கிறதா, பற்றரி அறையில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, திருப்பிய தலை அதே இடத்தில் நிற்கிறதா, தானாகத் தொங்கிப்போகிறதா என்றும் பாருங்கள்.

காசு விடயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இருபத்தைந்தாயிரம் ரூபாப் பொருளுக்காகக் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது வன்னியில் எல்லோரும் அறிந்தது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. படமெடுக்கும் தொழிலில் வருமானம் கிழமைக்குக் கிழமை வருவதில்லை. தையும் வைகாசியும் ஆவணியும் கலியாண மாதங்கள், மார்கழியில் ஒன்றும் இல்லை, புரட்டாதியிலும் பெரிதாக இல்லை. கடன்காரர் மட்டும் மார்கழியிலும் திங்கட்கிழமை வந்து வாசலில் நிற்பார். அதை விட, முதல் இரண்டு மூன்று விசேஷத்துக்குப் பிளாஷை நாள் வாடகைக்கு எடுங்கள், கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்து வாங்குங்கள். அல்லது தொழில் செய்யும் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள். ரி.ரி.எல். பிளாஷ் ஒவ்வொரு நிறுவனக் கமராவுக்கும் வேறுவேறு. கையால் இயக்கும் நடுப்புள்ளிப் பிளாஷோ நிக்கொனிலும் மின்னும், நடுப்புள்ளி உள்ள கனனிலும் மின்னும். கூட்டாக வாங்குவதற்கு அதுதான் பொருத்தம். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பேருக்கும் வேலை வந்தால் யாருக்கு முதலிடம் என்பதை வாங்கும் அன்றே பேசி ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். சிநேகிதம் முறியாமல் இருக்கும்.

வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு கவனம். செல்லடியும் கிபிர் அடியும் கண்ட ஆட்கள் நாங்கள். இருட்டில் திடீரென்று வெள்ளையாக மின்னினால் சிலருக்கு உடல் ஒருதரம் தூக்கிப்போடும், சிலர் எழுந்து வெளியே போய்விடுவார்கள். முதற் படத்துக்கு முன் "அம்மா, இப்ப ஒருக்கா மின்னும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, மேற்கட்டியை நோக்கி ஒருதரம் வெறுமனே மின்னிக் காட்டுங்கள். தெரிந்து வரும் ஒளி அவ்வளவாகத் திடுக்கிட வைக்காது. இன்னும் முடியாது என்பவரை யன்னலோரத்தில் இருத்திப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கைக்குழந்தையின் கண்ணுக்குக் கூடாது என்று தாய் சொன்னால் வாதாடவேண்டாம். சீலிங்கில் பட்டு வரும் ஒளியால் கெடுதி இல்லை என்று விளக்கலாம், கிட்டப் பிடித்து நேராக அடிக்கமாட்டேன் என்றும் சொல்லலாம். அவர் மனம் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படம் எடுக்கப் போன இடத்தில், "பிள்ளை, இதையும் ஒருக்கா எடுத்துப் பெரிசாக்கித் தருவியோ" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறிய பழைய படத்தை யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டிருக்கும், பிளாஸ்ரிக் உறையோடு ஒட்டிப்போயிருக்கும். உறையை இழுத்துப் பிரிக்காதீர்கள், முகமும் சேர்ந்து வந்துவிடும். உறையோடே எடுக்கலாம். அதற்குக் கமராவில் உள்ள பிளாஷை நேராக அடிக்கவே கூடாது, மினுக்கம் முகத்தை மறைத்துவிடும். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கமராவை மேலிருந்து நேர்கீழாகப் பிடித்து, பிளாஷின் தலையைப் பக்கத்திலுள்ள வெள்ளைச் சுவருக்கோ றெஜிபோமுக்கோ திருப்புங்கள். ஒளி சாய்வாக வந்து விழும், மினுக்கம் கமராவின் பக்கம் வராது. அனுப்பி இருந்தால் பிளாஷைக் கழற்றி மேசையின் ஓரத்தில் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வையுங்கள், இன்னும் நல்லது. ஒன்றுக்கு நான்கு படம் எடுங்கள். மூலப்படத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அந்த இடத்திலேயே எடுத்து, உரியவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்புங்கள்.

பிளாஷை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பற்றரியைக் கழற்றி வேறாக வையுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிறதே ஈரம் உறிஞ்சும் சிறிய பொட்டலம், அதில் இரண்டு மூன்றோடு போட்டு மூடினால் மாரிகாலத்துப் பூஞ்சணம் அண்டாது. படங்களை எங்கே, என்ன தாளில் அச்சிடுவது, ஒரு விசேஷத்துக்கு என்ன கூலி கேட்பது என்பவற்றை வரும் இதழில் பார்ப்போம்.